பத்தாவது வரிசை

மருமகளுக்கு எட்டாவது மாதம் பிறந்ததும் டாக்டரம்மா அவளுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். மாதத்துக்கு ஏற்ற எடை குழந்தைக்கு இல்லை. காலை நாஷ்டாவிலிருந்து வயிற்றில் எத்தனை முறை அசைகிறது என்று எண்ண வேண்டும். ராத்திரி படுப்பதற்குள் பத்து வர வேண்டும், குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

அவளுக்குத் தாய் இல்லை, எனக்கு மனைவி இல்லை. மகன் சிப்காட்டுக்கு ஷிப்டு போய்விட்டால் கும்மிடிப்பூண்டி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

போனில் பார்த்து குரோஷா கற்றுக்கொண்டு, கலர் கலரான பருத்தி நூலில் குழந்தைக்குப் போர்வை பின்ன அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். எண்ணுகிற வேலையையும் அதிலேயே சேர்த்துக்கொண்டாள். ஒரு அசைவுக்கு ஒரு வரிசை. ஒரு நாளைக்கு ஒரு நிறம். பத்து வரிசை முடிந்தால் ஊசியைக் கீழே வைத்துவிடலாம்.

"பாதி வரிசையில அசைஞ்சா?" என்று கேட்டேன்.

"அதுக்கு அடுத்த வரிசை மாமா."

"அதுக்குள்ள ரெண்டு தடவ அசைஞ்சா?"

"ரெண்டு வரிசை. இதுக்குக் கூடவா பரீட்ச வெப்பீங்க?"

ஒரு வரிசைக்குத் தொண்ணூற்றாறு கண்ணி. முதல் நாள் மஞ்சள், பத்தாவது வரிசை முடிந்தபோது பன்னிரண்டு நாற்பது. மறுநாள் கிளிப்பச்சை, அது மூன்று பத்து வரை இழுத்தது. மூன்றாம் நாள் ஆரஞ்சு, பதினொன்று ஐம்பதுக்கே முடிந்துவிட்டது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்து வைத்தேன். பச்சை நாளில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரை மணிக்கு ஒருதரம் அவள் அறை வாசலில் போய் நின்றேன்.

"எத்தன ஆச்சும்மா?"

"ஆறு."

"பதினோரு மணிக்கே ஆறுதானே?"

"தூங்குது போல மாமா."

"இவ்ளோ நேரமா?"

"உங்க புள்ள பெத்ததாச்சே. நைட் ஷிப்டு பாத்துட்டுத் தூங்குதோ இன்னாவோ."

அன்று பத்து வந்த பிறகுதான் சாப்பிட்டேன். தட்டை மூடி வைத்துவிட்டு அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். நான் போகவில்லை.

நான்காம் நாளிலிருந்து எல்லாம் சீரானது. நீலம், பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ரோஸ், பன்னிரண்டு ஐம்பது. ஊதா, பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒரு மணிக்குச் சாப்பாடு, பிறகு தூக்கம். பல நாளைக்குப் பிறகு பகலில் கண் அயர்ந்தேன்.

ஏழாம் நாள் காலை, அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். கடைசி மூன்று நேரங்கள் ஏதோ போலிருந்தன. குழாய் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். மணிக்கொரு முறை குழாயின் கனத்தை அளந்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஒரு ஷிப்டு முழுக்க அளவு மாறாமல் இருந்தால், நாங்கள் குழாயைப் போய்ப் பார்க்க மாட்டோம், எழுதிய ஆளைப் பார்ப்போம். நிஜமாக அளந்தால் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். கூடாமல் குறையாமல் வருவது உட்கார்ந்த இடத்தில் எழுதியது.

மணி பதினொன்றரை. அவள் சிவப்பு நூலில் நான்காவது வரிசையில் இருந்தாள். எத்தனை வரிசை என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

"பாப்பா இன்னிக்கி எத்தன தடவ அசைஞ்சுது?"

ஊசி நின்றது.

"ரெண்டு."

"வரிசை மூணு முடிஞ்சிருக்கே."

"ஒரு மணிக்குள்ள பத்து வரலன்னா நீங்க சாப்புட மாட்டேங்கறீங்க. சுகர் மாத்திரையப் போட்டுக்கினு பட்டினியா குந்தினு இருக்கீங்க. நான் இன்னா பண்ணுவேன் மாமா? ராத்திரிக்குள்ள எப்பிடியும் வந்துடும்னு மீதிய முன்னாலயே போட்டு வெச்சேன்."

"நேத்து ராத்திரிக்குள்ள வந்துச்சா?"

நூல் உருண்டையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் சுற்றினாள்.

"எட்டு."

மகனின் போன் அவன் கம்பெனி கேட்டில் பூட்டிக் கிடக்கும். கேட்டுக்கே போன் செய்தேன். செக்யூரிட்டி அவனுடைய எம்ப்ளாயி நம்பர் கேட்டார், மனப்பாடமாகச் சொன்னேன். கூப்பிட்ட வாடகைக் கார் வர இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. கவரைப்பேட்டை தாண்டும்வரை முன்னால் ஒரு டிரெய்லர் லாரி, பின்னால் ஒரு டிரெய்லர் லாரி. அவள் போர்வையை மடியில் சுருட்டிப் பிடித்திருந்தாள். எத்தன ஆச்சு என்று வாய்வரை வந்த கேள்வியை நான் விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். மெஷினிலிருந்து கோடு போட்ட தாள் வந்தது. டாக்டரம்மா அதை நீளமாக இழுத்துப் பார்த்தார். குழந்தையின் துடிப்பு நடுநடுவே இறங்குகிறது, இனிமேல் காத்திருக்க முடியாது, ஆபரேஷன்தான் என்றார்.

"நேத்தே வந்திருக்கணும். எண்ணச் சொன்னேனா இல்லியா?"

"அசதியில விட்டுட்டேன் டாக்டர்," என்றாள் மருமகள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

யூனிஃபார்மோடு மகன் ஓடிவந்த நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்தார்.

"கொழந்தைய வாங்கத் துணி எங்க?"

துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டுகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. என் கையில் ஃபைலும் அந்தப் போர்வையும்தான் இருந்தன. ஊசி ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சரி, இதையாவது குடுங்க. மொதல்ல அந்த ஊசிய எடுங்க தாத்தா, குத்திடப்போவுது."

சும்மா உருவினால் எல்லாம் பிரிந்துவரும். நூலைப் பல்லால் கடித்தேன். நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இறுக்கினேன். இத்தனை நாள் பார்த்ததில் அவ்வளவுதான் கற்றிருந்தேன். மூன்று முறை தவறி, நான்காவதில்தான் நுழைந்தது.

பெண் குழந்தை. ஒரு கிலோ தொள்ளாயிரத்து எண்பது கிராம். அழுகை மூடிய கதவைத் தாண்டி வெளியே கேட்டது.

மூன்றாம் நாள் குழந்தையைத் தாயிடம் கொடுத்தார்கள். இரண்டு மணிக்கொரு முறை பால், எப்போது எவ்வளவு குடித்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு தாளும் தந்தார்கள். நான் கை நீட்டினேன். மருமகள் அதை மகனிடம் கொடுத்தாள்.

"அவரு எழுதட்டும் மாமா. நீங்க சும்மா பாத்துக்கினு இருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குழந்தை தூங்கியது. கொஞ்சம்போல நெஞ்சு ஏறியது, இறங்கியது.

"நைனா, வாய் அசையுது," என்றான் மகன்.

"நான் ஒண்ணும் எண்ணல."

"சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலேயே.

மூச்சு எண்ணிக்கையை நாற்பத்து மூன்றில் விட்டிருந்தேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு, நாற்பத்து நான்கிலிருந்து தொடர்ந்தேன்.