லாண்டரி அண்ணன் மடித்துக் கொண்டுவந்த துணி

எனக்கு வாய் நீளம். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறவன் பலகையோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை மாலை எங்கள் கால்பந்துக் கிளப்பின் கிழக்குக் கேலரியில், மூன்றாவது வரிசையில் நின்று நடுவரின் கண்பார்வையை நாலு வார்த்தை விசாரித்தால்தான் எனக்கு அந்த வாரம் முடிந்த மாதிரி இருக்கும். நான் ஒன்று சொன்னால் முன்னால் இரண்டு வரிசையும் பின்னால் நான்கு வரிசையும் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காக நான் எதை வேண்டுமானாலும் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன்.

ஆனால் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. அதே வரிசையில் எனக்கு இடது பக்கம், கடைசி இருக்கையில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கும் லாண்டரி அண்ணனைப் பற்றி.

அவர் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். பத்தொன்பது வயதில் அழுக்குத் துணி வண்டி தள்ளப் போனவர், இப்போது இஸ்திரி உருளைக்குப் பொறுப்பு. அதாவது ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால், சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் சுருக்கம் இல்லாமல் வெளியே வரும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி ஊறி அவர் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருக்கும். கை கொடுத்தால் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் போலத் தோன்றும்.

கோல் விழுந்தால் கேலரியே எழுந்து குதிக்கும். அவர் மட்டும் உட்கார்ந்தபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாரும் எந்திரிச்சா எனக்கு மறைக்குது தம்பி. அந்த நேரத்துல கண்ணாடியாவது சுத்தமாகட்டும்" என்றார். அவருடைய சொந்த மகன் கோல் போட்ட நாளிலும் அதைத்தான் செய்தார்.

ஆமாம், அவர் மகன் எங்கள் கிளப்பில்தான் ஆடினான். இடது ஓரத்து ஆட்டக்காரன். பதினெட்டு வயதில் பெரியவர்கள் அணிக்கு வந்தான். காலில் பந்து வந்துவிட்டால் எதிரணி ஆள் பேருந்தைத் தவறவிட்டவன் மாதிரி நின்றுவிடுவான். அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். அவன் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? அவர் அத்தனை அமைதி. பக்கத்தில் இருப்பதையே மறந்துவிடலாம்.

கேலரியில் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்து வேலியில் துணி ஒன்று கட்டுவோம். என்ன எழுதுவது என்று எல்லாரும் கை தூக்கி முடிவு செய்வோம். எழுதுவது நான். துணி லாண்டரி அண்ணனுடையது. ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய விரிப்புகளை அனுமதி வாங்கி எடுத்துவருவார். அண்ணி வீட்டு மெஷினில் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்துத் தருவார். ஆட்டம் முடிந்ததும் அண்ணனும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அதை மடிப்போம். மடித்ததை நான் அவர் கையில் வைப்பேன். அடுத்த ஆட்டத்துக்கு அது துவைத்து, இஸ்திரி போட்டு வந்து சேரும். ஒருநாளும் அவர் மறந்ததில்லை. ஒருநாளும் நான் நன்றி சொன்னதில்லை.

போன வருஷம் வேறு ஊர்ப் பெரிய கிளப் ஒன்று பையனை விலைக்குக் கேட்டது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்த ஆட்டக்காரனை விற்க வேண்டுமானால் உறுப்பினர் கூட்டத்தில் பாதிக்கு மேல் கை உயர வேண்டும் என்று எங்கள் கிளப்பில் ஒரு பழைய விதி. கேலரிக்குக் கீழே இருக்கும் கூடத்தில் கூடினோம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோடு நின்றார்கள்.

எங்களுக்குப் பின் வரிசையில் உட்காரும் கணக்கு வாத்தியார் விற்கலாம் என்று பேசினார். "நம்ம கிளப் ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. நல்லாப் படிக்கிற பையனைப் பாஸ் போடாம அதே வகுப்புல உட்கார வச்சா அது பாசமா?" என்றார். விடுவேனா நான்? நாற்காலி மேல் ஏறிவிட்டேன். வளர்க்கிறது நாம், வாரிக்கொண்டு போவது வேறு ஊர்க்காரனா, இது கிளப்பா இல்லை சந்தையா என்று அரை மணி நேரம் பிடி பிடி என்று பிடித்தேன். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

அப்போதுதான் லாண்டரி அண்ணன் கையைத் தூக்கினார். பதினேழு வருஷத்தில் அவர் கூட்டத்தில் பேச எழுந்தது அன்றுதான்.

"பையனுக்குக் கணுக்கால் கொஞ்சம் பலவீனம். நம்ம மைதானம் இறுகின தரை. அங்க நல்ல புல்தரையாம், டாக்டரும் கூடவே இருப்பாராம். அவனுக்கும் போகணும்னு இருக்கு. அதனால..."

அவர் மேலே சொல்வதற்குள் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றிவிட்டது. தோன்றினால் அடக்கிக்கொள்ளத் தெரியாத ஜென்மம் நான். "என்னண்ணே, விரிப்பை வெளுத்து மடிச்சு அனுப்பற மாதிரி பையனையும் மடிச்சு அனுப்பிடலாம்னு பாக்குறீங்களா?" என்றேன்.

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தொடையைத் தடவிக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பில் நாங்கள் ஜெயித்தோம். அவர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று நான் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த வாரமே புதுத் துணி வந்தது. வழக்கமாக ஒற்றைத் துணிதான் வரும். இந்த முறை இரட்டையாக வைத்துத் தைத்திருந்தார்கள். "சாயம் மறுபக்கம் ஊறாது தம்பி. பின்பக்கம் வெள்ளையா இருந்தா அப்புறம் வேற எதுக்காவது ஆகும்" என்றார். நான் அதில் ஆளுயர எழுத்தில் எழுதினேன்: 'விற்பனைக்கு இல்லை. இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை.' துணிக்கென்று வரும் சாயம் அது. சூடு பட்டால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அவர் ஒவ்வொரு வாரமும் உருளையில் கொடுத்து எடுக்க எடுக்க, எழுத்து பளிச்சென்று நின்றது.

பதினோராவது ஆட்டத்தில் பையனின் கணுக்கால் திரும்பியது. ஐந்து வாரம் ஓய்வு என்றார் டாக்டர். மூன்றாவது வாரமே, அணி தோற்றுக்கொண்டிருந்தபோது, அவனை இறக்கு இறக்கு என்று கத்தினோம். கத்தலுக்குத் தலைமை யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவன் பழைய ஆளாக இல்லை. இடது காலை ஊன்றப் பயந்தான். பந்து வந்தால் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டான். நாங்கள் முதலில் முணுமுணுத்தோம், பிறகு கூச்சல் போட்டோம். பெரிய கிளப் அதற்குள் வேறொரு பையனை வாங்கிவிட்டது.

இந்த சீசனின் நான்காவது ஆட்டத்துக்கு முன்பு கேலரியில் மறுபடி அதே பேச்சு. அன்று லாண்டரி அண்ணன் வேலையிலிருந்து வரத் தாமதம். துணியை மட்டும் யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். பையனை வித்துத் தொலைக்க வேண்டும் என்று ஆரம்பித்ததும் நான்தான்.

வாத்தியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போன வருஷம் விக்கவே கூடாதுன்னு நாற்காலி மேல ஏறுனது நீதானேப்பா?"

"போன வருஷம் அவனுக்குக் கால் இருந்துச்சு சார்" என்றேன். சிரித்தார்கள்.

புது வாசகம் எழுதலாம் என்று கைகள் உயர்ந்தன. துணியின் பின்பக்கம்தான் வெள்ளையாக இருக்கிறதே. சைக்கிளில் இருந்து சாயத்தையும் தூரிகையையும் எடுத்துவந்து அரை மணியில் எழுதினேன்: 'விற்பனைக்கு உண்டு. இலவசமாகவும் தரப்படும்.' எழுதி முடித்து இரண்டடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தேன். எழுத்து அன்று வாகாக வந்திருந்தது.

வேலியில் கட்டினோம். எழுத்து மைதானத்தைப் பார்க்க இருக்கும். கேலரியில் இருப்பவர்களுக்குத் தெரிவது துணியின் மறுபக்கம்தான். அதனால் தாமதமாக வந்து உட்கார்ந்த லாண்டரி அண்ணனுக்குத் தெரிந்தது பழைய எழுத்து. இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை.

"இன்னைக்குத் திருப்பிக் கட்டியிருக்கீங்க போல" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம். ஆட்டம் முழுவதும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் பையன் ஒருமுறை எங்கள் பக்கம் ஓடிவந்தான். துணியைப் பார்த்தான், நின்றான். பந்து அவனைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே போயிற்று. "தூங்குறான் பாரு" என்று யாரோ கத்தினார்கள்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. வழக்கம்போல் முடிச்சுகளை அவிழ்த்தோம், ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம், மடித்தோம். நான் நடுவரைத் திட்டிக்கொண்டே மடித்தேன். மடித்ததை அவர் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வீட்டில் என் மனைவி காய்ந்த துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய வாசகத்தை அவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தத் துணி இப்ப எங்க இருக்கு?" என்றாள்.

"எங்க இருக்கும், லாண்டரி அண்ணன்கிட்டதான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "நீ மனுஷன்தானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மடிக்கும்போது துணி ஒருமுறை புரண்டது. அவர் ஒரு நொடி நின்றார். முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று கோல் எதுவும் விழவில்லை. பிறகு புது எழுத்து உள்ளே போகும்படி, யாருக்கும் தெரியாத மாதிரி, அவர்தான் மடிப்பை மாற்றினார். இத்தனையும் என் கண் முன்னால் நடந்தது. நான் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை, எப்படியாவது துணியைத் திரும்ப வாங்கிவிடுவது என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலவைப் பிரிவு பின்பக்கம், கொதிகலனை ஒட்டி இருக்கிறது. கதவருகே போகும்போதே சூடு முகத்தில் அடித்தது. உள்ளே அழுக்கு மூட்டைகள் ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்றன. உருளையின் இந்தப் பக்கம் லாண்டரி அண்ணன், எனக்கு முதுகு காட்டியபடி. அந்தப் பக்கம் வெளியே வருவதை வாங்கி மடிக்கும் ஒரு அம்மா. அண்ணன் கொடுத்துக்கொண்டிருந்தது எங்கள் துணி. இரண்டு கையாலும் நீவி நீவி, ஓரம் சுருளாமல் உள்ளே விட்டார். அந்தப் பக்கம் என் எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். "என்னண்ணே இது, யாரை இலவசமாத் தர்றாங்க?"

"பந்து ஆடற பையன் ஒருத்தன்" என்றார் லாண்டரி அண்ணன். "ஓரத்தைப் பாத்துப் பிடிம்மா. கோணிடப் போகுது."

நான் கதவருகிலேயே நின்றேன். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்காலி மேல் ஏறி அரை மணி நேரம் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். அந்த வாரம் முழுவதும் எழுதிய பலகைகளில் இரண்டைப் பிழையாக எழுதித் திரும்பவும் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்றுகூட நினைத்தேன். என் லட்சணம் அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு, கக்கத்தில் பொட்டலத்தோடு படியேறி வந்து பிரித்தார். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. வேலியில் பட்ட துருக்கறையைக்கூட எப்படியோ தேய்த்து எடுத்திருந்தார். எழுத்து மட்டும் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. அது போகாது. போகாத சாயமாகப் பார்த்து வாங்கியவன் நான்தானே.

அவர் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இன்னைக்கு எந்தப் பக்கம் வெளிய வரணும்?"

குத்திக்காட்டிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படிக் கேட்கவில்லை. தினம் எண்ணூறு விரிப்பைக் கையாள்கிற ஒருவர், வேலை சரியாக நடக்க வேண்டுமே என்று கேட்கிற கேள்வி அது. பின்னால் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வரிசையும் என் வாயைப் பார்த்தது. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"அண்ணே..." என்றேன்.

அவர் கொஞ்சம் கிட்டே வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"எதுவா இருந்தாலும் சரி தம்பி. முன்கூட்டியே சொல்லிடுங்க, நான் வீட்டுலயே அவன்கிட்ட சொல்லி வச்சுடறேன். போன தடவை தெரியாம பாத்துட்டான்."

மைதானத்தில் பையன்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னும் முனையை நீட்டியபடியே நின்றார்.