இடப்பக்கத்துச் சரளை

முதலில் காணாமல் போனது ஒரு கதவு. வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில், மலையடிவாரத்துத் தொழிலாளர் கேம்பிலிருந்து காலை ஆறரை மணிக்கு பிக்கப்பை வெளியே எடுத்தேன். வாசலின் இரட்டைக் கதவில் இடது கதவு பாதி சாத்தியிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பக்கக் கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன்.

காவலாளி ஓடிவந்து, "பாய், தேக்கா நஹி?" என்று, பார்க்கவில்லையா என்று இந்தியில் கத்தினார். அவர் முகத்தில் ஒரு பாதிதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கண், அரை மீசை. நான் தலையைத் திருப்பியதும் மறுபாதி வந்து சேர்ந்துகொண்டது.

முந்தின நாளிலிருந்தே பின்மண்டையில் வலப்பக்கம் ஒரு கனம் இருந்தது. வெயில் தாக்கியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இரத்த அழுத்த மாத்திரையை ஊரிலிருந்து வந்த பிறகு ஒழுங்காகப் போடவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், முதலில் மாத்திரை டப்பாவை எடுத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் மதுரையில் படித்த மலையாளி டாக்டரம்மா. தமிழ் நன்றாகப் பேசினார். என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என் மூக்க மட்டும் பாருங்க. விரல் ஆடுனா சொல்லுங்க" என்றார். வலப்பக்கம் ஆடியதைச் சொன்னேன். பிறகு அவர் சும்மா இருப்பதாகத்தான் தோன்றியது. ஒரு கண்ணை மூடச் சொன்னார், அடுத்து மற்றொன்றை.

"இடது கண்ணுல கோளாறாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. மூளையில பார்வைக்குன்னு ஒரு இடம் உண்டு. அங்க ரத்தம் போகாம ஒரு பகுதி செத்துப்போச்சு."

சி.டி. ஸ்கேன் (தலையை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது) அதையே சொன்னது. எனக்கு வந்திருந்தது பக்கவாதத்தில் ஒரு வகை. கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. ஹெமியநோப்பியா (இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை போய்விடுவது) மட்டும் மிச்சம்.

"அந்தப் பக்கம் கறுப்பாத் தெரியுதா?"

"இல்லம்மா. அங்க ஒண்ணுமே இல்ல."

"அதுதான் ஆபத்து. கறுப்பாத் தெரிஞ்சா ஜாக்கிரதையா இருப்பீங்க. பக்கத்துல சுவர் இருந்தா மூளை அந்தச் சுவரையே நீட்டி வச்சுக்கும். நடுவுல ஆள் நின்னாலும் சுவர்தான் தெரியும். இனிமே வண்டி ஓட்டக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. ஆனால் என் காதில் அது "இப்போதைக்கு ஓட்டக் கூடாது" என்று விழுந்தது. என் விசாவில் எழுதியிருந்த தொழில் டிரைவர். ஓட்டாத டிரைவரை கஃபீல் (விசா கொடுத்த அரபு முதலாளி) எத்தனை நாள் வைத்திருப்பார்? மானேஜர், ஹைதராபாத்காரர், மூன்று மாதம் ஸ்டோரில் உட்காரச் சொன்னார். அதற்குள் சரியாகிவிட வேண்டும் என்றார். அவர் சொன்ன விதத்தில், சரியாவது என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

ஊரில் இருந்த செல்விக்கு, என் மனைவிக்கு, நான் எதையும் சொல்லவில்லை. போனில் அவள், "ஏங்க குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "ஏசியில படுத்து சளி புடிச்சிருச்சு" என்றேன்.

ஸ்டோர் கடற்கரைப் பக்கம், கேம்பிலிருந்து ஆறு கிலோமீட்டர். சாலையில் கல் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாகப் போகும். முதல் நாள் அந்தச் சாலை ஓரமாக நின்றேன். அங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடும்; எதிரே வருவதெல்லாம் இடப்பக்கம்தான். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து திடீரென்று ஒரு டிப்பரின் முகம் முளைத்து என்னைக் கடந்தது. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வழி காட்டியவன் யோகன். யாழ்ப்பாணத்துக்காரன், ஸ்டோர் கிளார்க், என் ரூமில் மேல்கட்டிலில் படுப்பவன். "அண்ணை, ரோட்டை விடுங்கோ. பழைய ரயில் பாதையாலை சைக்கிளிலை போவம்" என்றான்.

ஒரு காலத்தில் மலையிலிருந்து கல்லைக் கடற்கரைக்கு இறக்க எங்கள் குவாரிக் கம்பெனி ஒரு சின்ன ரயில் ஓட்டியிருந்தது. நான் வருவதற்கு முன்பே தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். மிஞ்சிய மேட்டில் பொடிச்சரளை கொட்டி உருளை ஓட்டி, தொழிலாளிகளின் சைக்கிளுக்கென்று விட்டிருந்தார்கள். இரு முனையிலும் சங்கிலி. மோட்டார் வண்டி எதுவும் உள்ளே வராது. இருபுறமும் முள்மரங்கள், நடுவில் ஒரு ஈச்சந்தோட்டம், மேயும் ஆடுகள். மலையிலிருந்து கடல்வரை மெல்லிய இறக்கம்.

வண்டியே வராத பாதையில்கூடப் பயந்தேன். முதல் வாரம் யோகன் என் இடப்பக்கமாக, மேட்டின் விளிம்பை ஒட்டி ஓட்டி வந்தான். அவன் பேசிக்கொண்டே வர வேண்டும். பேச்சு நின்றால் அவன் இல்லாமல் போய்விடுவான்.

"யோகா, இருக்கியா?"

"இருக்கிறன் அண்ணை. பயப்பிடாதேங்கோ. டொக்டர் சொன்ன மாதிரித் தலையைத் திருப்புங்கோ."

ஐந்து மிதிக்கு ஒருமுறை தலையை இடப்பக்கம் திருப்பப் பழகினேன். கழுத்து வலித்தது. ஒருநாள் திருப்ப மறந்து ஒரு ஆட்டின் மேல் ஏற்றி விழுந்தேன். முழங்கை உரிந்தது. ஆடு எழுந்து போன பிறகும் சரளையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இன்னொரு அடைப்பு இப்போது வந்தால் இங்கே யார் பார்ப்பார்கள் என்ற எண்ணம் வந்தால் போகாது. ஒவ்வொரு தலைவலியையும் அதுவோ என்று எடை போட்டேன்.

மூன்றாம் மாதம் நன்றாகவே ஓட்டினேன். செய்தித்தாளில் வரிகளின் தொடக்கம் விட்டுப்போவது குறைந்தது. பார்வை திரும்புகிறது என்று நம்பினேன். உண்மையில் திரும்பியது கழுத்துதான். அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டாம் என்றும் இருந்திருக்கலாம்.

ஒரு வியாழக்கிழமை மானேஜர் ஸ்டோருக்கு வந்து, "சனிக்கிழமையிலேர்ந்து வண்டி எடுக்கலாமா?" என்று கேட்டார். "எடுக்கலாம் சார்" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் யோகன் மீன் வாங்கக் கடற்கரைப் பக்கம் போயிருந்தான். என்னை நானே சோதித்துப் பார்க்க நினைத்தேன். சாலைக்குப் போகப் பயம். பழைய ரயில் பாதையில் யாருமே வரமாட்டார்களே. சங்கிலிப் பூட்டின் சாவி, நான் இன்னும் திருப்பிக் கொடுக்காத டிரைவர் சாவிக்கொத்தில் இருந்தது. சங்கிலியைக் கழற்றி பிக்கப்பை உள்ளே விட்டேன். அந்தப் பாதையில் நுழைந்த ஒரே மோட்டார் வண்டி என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை தானாக இயங்கியது. சந்தோஷமாக இருந்தது. ஈச்சந்தோட்டம் தாண்டியதும் தூரத்தில் யோகன் எதிரே வருவதைப் பார்த்தேன். ஹாண்டில்பாரில் ஒரு பை தொங்கியது. கை காட்டினான். நான் ஹாரன் அடித்தேன்.

அடுத்து அவன் இல்லை. எனக்கு வழி விட அவன் என் இடப்பக்கமாக ஒதுங்கியிருக்கிறான். அவன் இருந்த இடத்தில் நான் பார்த்தது சரளை. சுத்தமான, காலியான சரளை. மேட்டிலிருந்து கீழே இறங்கிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டே போனேன். நினைத்து முடிப்பதற்குள் இடது பக்கக் கண்ணாடியில் ஏதோ தட்டிய சத்தம்.

இறங்கி ஓடினேன். யோகன் மேட்டுக்குக் கீழே கிடந்தான். மீன்கள் மண்ணில் சிதறியிருந்தன. வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணை, என்னைக் காணேல்லையோ?"

"காணலப்பா."

"நேரை பாத்தனீங்கள். ஹோர்னும் அடிச்சனீங்கள்."

"அதுக்கப்பறம் நீ இல்லப்பா. சத்தியமா இல்ல."

அவன் முகத்தில் அப்போது வந்த பயம் வலியால் வந்ததில்லை. என்னைப் பார்த்து வந்தது. அதுவரை எனக்கு என்ன நேருமோ என்றுதான் பயந்திருந்தேன். நானே பிறருக்கு நேரக்கூடியவன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் டாக்ஸியில் யோகன், "சைக்கிளாலை விழுந்தனான் எண்டு சொல்லுறன். உங்கடை விசா போயிடும்" என்றான்.

"வேண்டாம்ப்பா. நீ பொய் சொன்னா நாளைக்கி நான் வண்டி எடுப்பேன்."

மானேஜரிடம் நடந்ததைச் சொல்லி, சாவிக்கொத்தையும் லைசென்ஸையும் மேஜைமேல் வைத்தேன். அவர் இரண்டையும் எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நான்கு நாள் கழித்துத்தான் கூப்பிட்டு, ஸ்டோரிலேயே இரு, விசாவை மாற்றப் பார்க்கிறேன் என்றார். அந்த நான்கு நாளில் சாப்பிட்டது நினைவில்லை.

யோகனை இடித்த அன்று மாலையே போன் கார்டைச் சுரண்டி செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தப் பையனுக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க. யாழ்ப்பாணத்த விட்டு இப்ப வன்னியில."

"கை சரியாகுற வரைக்கும் அந்தப் பையன் துணிய நீங்க துவைச்சுப் போடுங்க."

துவைத்துப் போட்டேன். மாவுக்கட்டு பிரித்த பிறகு யோகன் மறுபடியும் சைக்கிள் எடுத்தான். நான் எடுக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. பிக்கப்பில் எட்டு நிமிடம் என்று எனக்குத் தெரிந்திருந்த தூரம் சைக்கிளில் நாற்பது நிமிடமானது. நிற்பேன், திரும்பிப் பார்ப்பேன், மறுபடி மிதிப்பேன்.

பிறகு பார்த்தபோது டாக்டரம்மா, "போனது இனி வராது. முதல் சில மாசத்துல வர்றதுதான் வரும்" என்றார். தலையாட்டினேன். பயம் போகவில்லை. போகவும் வேண்டாம். என் கழுத்தைத் திருப்புவது அதுதான்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனேன். ஒரு காலையில் கூடத்தில் நாற்காலி போட்டு, மருத்துவச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டும் இருந்தேன். இடப்பக்கமிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"காப்பி ஆறிப்போச்சு."

திடுக்கிட்டுத் திரும்பினேன். தம்ளரோடு நின்றிருந்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். எப்பப் பாக்குறீங்கன்னு பாத்தேன்."

அந்த ஐந்து நிமிடம் அவளிடம் இருந்தது. என்னிடம் இல்லை. இப்படி இன்னும் எத்தனை ஐந்து நிமிடங்கள் என் இடப்பக்கமாகப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எழுந்து, நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.