சாய்ந்த வெயிலில் எழும்பிய யானை

பிள்ளைகளே, நான் மாத்தளையில் வாடகைக் கார் ஓட்டிய காலம் அது. கம்பஸில் சித்திர வரலாறு படிப்பிக்கும் பேராசிரியர் ஒருவரை, தம்புள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குகைக் கோயிலுக்கு அடிக்கடி கூட்டிப்போவேன். உள்ளே ஒரே இருட்டு. வாசலில் நின்று, கண்ணாடியால் வெயிலைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவேன். அங்கிருந்த ராஜா ஓவியந்தான் அந்தச் சுவரில் முதன்முதலாகத் தீட்டிய ஓவியம் என்று அவர் புத்தகமே எழுதியிருந்தார்.

ஒருநாள் கை கடுத்துக் கண்ணாடி சாய்ந்துவிட்டது. வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது.

"அசையாதீங்க தம்பி!" என்று கத்தினார்.

ராஜாவின் நிறத்துக்கு அடியில் கிடந்த கீறல்களெல்லாம் நிழல் கட்டி, தும்பிக்கையும் காதுமாக ஒரு யானை எழும்பி நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"பழைய ஓவியத்து மேலதான் ராஜாவைத் தீட்டியிருக்காங்க. நான் எழுதினது பிழை."

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேங்க, ஐயா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மறைக்கவா இவ்வளவு படிச்சேன்? வண்டியை எடுங்க. வகுப்புப் பிள்ளைங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லிடணும்!"

தன் பிழை தெரிந்த அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. யானையைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.