என் மகனின் இடது தோள்

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வாடகை அறையில் தொடங்கி இல்-பிசாரில் சொந்த வீடு கட்டினவன் நான். கூரையில் பாதிக்கு நானே ஆணி அடித்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிரெஞ்சில் பொன்ஜூர், மெர்சி இரண்டும்தான் வாயில் வரும். அதை வைத்துக்கொண்டே புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்குக்கு மேற்பார்வையாளன் ஆனேன். எங்கள் கோயில் மண்டபத்து மேடை நான் அடித்தது. இன்றைக்கும் ஆடாது, ஏறி நின்று பார்க்கலாம். இவை எல்லாவற்றையும்விட, சம்பளத்துக்கு றக்பி விளையாடிய ஒரு தமிழ்ப் பிள்ளையை உருவாக்கினேன். அவன் என் மகன்.

அந்த விளையாட்டை முதன்முதல் அவனுடைய பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்தபோது, பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே இறங்கப் போனேன். மனைவிதான் என் குளிர்ச்சட்டையைப் பிடித்து இழுத்து வைத்தாள். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தலையைக் கோத்துக்கொண்டு, மாடு மாதிரி முட்டித் தள்ளுகிறார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பேராம். என் மகன் முன்வரிசையில் நின்றான். அவன் தள்ளத் தள்ள எதிர்ப்பக்கம் பின்னால் போனதைப் பார்த்தேன். அன்றைக்கே என் மனதுக்குள் திட்டம் ஓடத் தொடங்கிவிட்டது.

கிடங்கில் எறியக் கிடந்த பலகைத் தட்டுகளையும் பழைய கார் ரயர்களையும் கேட்டு வாங்கி வந்து, வீட்டின் பின்புறத்தில் ஒரு தள்ளுசட்டம் செய்தேன். தோள் படுகிற இடத்தில் ரயர். மேலே பாரத்துக்கு அரிசி மூட்டை. பிள்ளை பள்ளிக்கூடம் போக முதல் தினமும் அதைத் தள்ளுவான். மூட்டைப் பாரம் காணாது என்று தெரிந்த பிறகு நானே ஏறி நின்றேன்.

"அப்பா, இறங்குங்கோ, பஸ் போகப்போகுது."

"வேலி வரைக்கும் தள்ளிப்போட்டுப் போ."

தள்ளினான். சட்டைக் கழுத்துப் பொத்தான் பூட்ட முடியாத அளவுக்குக் கழுத்து தடித்தது. கோயிலில் என்னைப் பகிடி பண்ணினார்கள். "என்ன அண்ணை, மகன் பந்தைக் கட்டிப்பிடிச்சு உருளுறாராமே?" என்று ஒருவர் கேட்டார். "ஓம் தம்பி, உம்மடை மகன் உருளாமலே குண்டாயிட்டார்" என்றேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் அந்த வாய்ப்பு வந்தது. மகன் அப்போது புவாண்ட்-கிளேர்க் கழகத்தில் விளையாடினான். பிரான்ஸ் நாட்டுக் கழகம் ஒன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்திய புதன்கிழமைப் பயிற்சியில் மகனின் இடது தோள் விலகிவிட்டது. யாருக்கும் சொல்லாமல், கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் அப்பா. ஒரு எக்ஸ்றே படம் எடுத்துப் பாப்பமே?"

"படம் எடுத்தால் ஆறு கிழமை, ஒண்டரை மாசம், கையைக் கட்டித் தொங்கவிடுவாங்கள். ஞாயிற்றுக்கிழமை உன்ரை இடத்திலை வேறை ஒருத்தன் நிப்பான்."

மனைவி குசினிக்குள்ளிருந்து வந்தாள். "இஞ்சை பாருங்கோ, அது பிள்ளையின்ரை தோள். நீங்கள் இழைக்கிற கதவு நிலை இல்லை."

நான் கேட்கவில்லை. ஊரில் என் பெரியப்பா முறிவு வைத்தியம் செய்தவர். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் படிப்பு. கக்கத்துக்குள் முட்டுக் கொடுத்து இழுத்தேன். 'டொக்' என்று உள்ளே விழுந்தது. உளுத்தம்மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பத்துப் போட்டு, வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன்.

"இப்ப சரியோ அப்பா?"

"சரி."

உள்ளே எலும்பு வெடித்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாத ஒன்றுக்குத்தான் அவ்வளவு உறுதியாகச் 'சரி' சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டை அவிழ்த்துவிட்டு விளையாடினான். அவனைத் தெரிந்தெடுத்தார்கள். நான் மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டேன். கை வைத்தியத்தின் கதையையும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பிரான்ஸில் இரண்டாம் பிரிவுக் கழகம். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் அவனுடைய தொலைபேசி வரும். "தோள் எப்படி?" என்று தாய் கேட்பாள். "கொஞ்சம் நோகுது" என்பான். அந்தக் கொஞ்ச நோவுக்கு இரண்டு முறை வெட்டித் தைத்தார்கள். முன்வரிசைக்காரனுக்கு முப்பதில்தான் பலம் முற்றும் என்பார்கள். என் மகன் இருபத்தாறில் பெட்டியோடு திரும்பி வந்தான். பழைய வெடிப்பு கோணலாகப் பொருந்திவிட்டதாம். முதலிலேயே ஆறு கிழமை ஓய்வு கொடுத்திருந்தால் ஆறியிருக்குமாம். "முதல் யார் பார்த்தது?" என்று அங்குள்ள டொக்டர் கேட்டதற்கு, "சின்ன வயதில் சைக்கிளால் விழுந்தேன், யாரும் பார்க்கவில்லை" என்று சொல்லியிருக்கிறான். இதையெல்லாம் தாய்க்கு மட்டும் சொன்னான். அவள் எனக்குச் சொன்னாள்.

போன இலையுதிர் காலத்தில் புவாண்ட்-கிளேரில் அவனுடைய பழைய கழகம் அவனுக்கு ஒரு விருந்து வைத்தது. சின்னப் புத்தகம் ஒன்றும் அச்சடித்திருந்தார்கள். பயிற்சியாளர்கள், ஆசிரியை, ஆட்டக்காரரை ஏற்றிப் போன பஸ் சாரதி, எல்லோருக்கும் நன்றி. மகனை வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன். நான் இல்லை. காரில் வரும்போது பொறுக்க முடியவில்லை.

"பஸ் ஓட்டினவன் இருக்கிறான், நான் எங்கை?"

மகன் காரை ஓட்டிக்கொண்டே சொன்னான். "பட்டியலைக் குடுத்தது நான்தான் அப்பா. உங்களைப் போட்டால் முழுசாப் போடவேணும். அதுதான் விட்டனான்."

வீட்டு வாசலில் அவன் வலது கையால்தான் என் பக்கக் கதவைத் திறந்துவிட்டான். இடது கை தோளுக்கு மேலே இப்போது எழும்பாது.

அந்தத் தள்ளுசட்டம் இன்னும் வீட்டின் பின்புறத்தில் நிற்கிறது, பனியில் ஊறி. உடைக்க மனம் வரவில்லை.

கழகத்துக்காரருக்குச் சொல்கிறேன். புத்தகத்தைத் திரும்ப அச்சடியுங்கள். பேர் வேண்டாம், 'அவருடைய அப்பா' என்று போட்டால் போதும். தள்ளுசட்டம் செய்து அவனை உருவாக்கியவர் என்று ஒரு வரி. ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தோளைக் கட்டியவர் என்று அதற்குக் கீழே ஒரு வரி. இரண்டும் என் வேலை. ஒன்றை விட்டு மற்றதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன்.