சுளுக்கு என்று சொன்ன பொய்

பார்க்கிங் என்ற ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிரண்டுவிட்டது. மகள் வாங்கிவந்த சீன மூலிகைப் பிளாஸ்டரைப் பிரித்ததும், கற்பூரமும் கருகிய வேரும் கலந்த அந்த மணம் என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப் போனது.

அப்போது நானும் அம்மாவும் விசா இல்லாமல் அப்டன் பார்க் என்ற பகுதியில் ஓர் அறையில் இருந்தோம். ஒருநாள் பனியில் வழுக்கி விழுந்து அம்மாவின் கணுக்கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், கீழே இருந்த சீன மருந்துக்கடைக்குப் போனோம். கடைக்காரக் கிழவர் வேர்களை இடித்து, மதுவில் குழைத்து, துணியில் பரப்பிக் கட்டினார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், "இது சுளுக்கு மாதிரித் தெரியவில்லை. எலும்பு முறிந்திருக்கலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ" என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்ன பிள்ளை சொல்லுறார்?" என்று கேட்டார்.

அம்மாவைப் பிடித்துக்கொண்டுபோய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? "சுளுக்குத்தானாம் அம்மா. பத்து நாளிலை மாறிடுமாம்" என்றேன்.

மாறவில்லை. எலும்பு கோணலாகவே பொருந்தியது. அதற்குப் பிறகு அம்மா நொண்டாமல் நடந்து நான் பார்க்கவில்லை. விசா கிடைத்தபின் பார்த்த டாக்டர், காலம் கடந்துவிட்டது என்றார்.

உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். போன மாதம் சாகக் கிடந்தபோதுகூட அம்மா என் கையைப் பிடித்து, "அண்டைக்கு மருந்துக்கடையிலை நீ இங்கிலிஷ் கதைச்சபடியால்தான் நான் பிடிபடாமல் தப்பினன்" என்றார்.

"ஓம் அம்மா" என்றேன்.