நிலோபர் சொன்ன "பஸ்"

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கிரெச்சில் பல வருஷம் வேலை பார்த்தேன். கிரெச் என்றால், தையல் லைனில் உட்காரும் பெண்கள் ஷிப்ட் முடியும்வரை பிள்ளைகளை விட்டுவைக்கும் அறை. கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு மதியம் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஷபானா அங்கே அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைப்பவள். அவள் மகள் நிலோபருக்கு மூன்று வயது. மதியம் சாப்பிட்டதும் அந்தப் பிள்ளை வாந்தி எடுத்துவிடும். லைனுக்கு ஆள் அனுப்புவோம். ஷபானா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வருவாள். அதற்குள் அவள் இடத்தில் வேலை குவிந்துவிடும். ஒரு நாள் அப்படி வந்தபோது அவள் முகமே சரியில்லை.

"இன்னொரு வாட்டி எழுந்து போனா அப்படியே வூட்டுக்குப் போய்டுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார்க்கா. இந்த வேலைய விட்டா எனக்கு வேற போக்கு இல்ல."

"டாக்டர் இன்னா சொன்னார்?"

"ஒடம்புல ஒண்ணும் இல்லன்னுட்டார். பேஜாரா இருக்குதுக்கா."

நான் எப்போதும் கைக்குழந்தைகள் பக்கம்தான் இருப்பேன். மறுநாள் அவர்களைத் தூளியில் போட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். ஊட்டிக்கொண்டிருந்தவள் கஸ்தூரி. திமிரிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள், தங்கமான பெண். நிலோபர் நாலைந்து வாய் நன்றாக வாங்கினாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பஸ்" என்றாள்.

"பஸ்ஸா? இதோ வருது பாரு. டுர்ர்ர்... வாயத் தொற, பஸ்ஸு உள்ள போவணும்."

"பஸ்... பஸ்..."

பிள்ளை கண்ணில் தண்ணீர் நிற்கிறது. இவள் இன்னும் உற்சாகமாக அடுத்த கவளத்தை உருட்டுகிறாள்.

"கஸ்தூரி, நிறுத்து. அது உருதுல போதும்னு சொல்லுதுடி."

கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, பஸ்ஸுன்னா அதுக்கு உசுருன்னு நெனச்சேன்க்கா."

சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்பி வர வேண்டும் என்பது ஷபானாவின் கண்டிப்பு. சாயங்காலம் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அரை வயிறா இருக்குதோன்னு நெனச்சா எனக்கு லைன்ல கையே ஓடாதுக்கா. மெலிஞ்சி போய்டும்."

"வாந்தி எடுக்கறது மட்டும் ஒடம்புல ஒட்டுதா? நல்லதா நீ குடுத்தனுப்பு. எவ்ளோன்னு அது சொல்லட்டும்."

அரை மனதோடுதான் சரி என்றாள். மறுநாளிலிருந்து தட்டையும் ஸ்பூனையும் நிலோபர் கையிலேயே கொடுத்தோம். சில நாள் ரெண்டு வாயோடு எழுந்துவிடுவாள். சில நாள் முழுவதையும் முடித்துவிட்டு, கஸ்தூரி தட்டிலிருக்கும் முட்டையையும் கேட்பாள். கொஞ்ச நாளில் வாந்தி நின்றது. லைனுக்கு ஆள் அனுப்பும் வேலையும் நின்றது. ஷபானாவின் மெஷினும் அவளுக்கே தங்கியது.

ஒரு சாயங்காலம் டப்பாவில் பாதிச் சோறு மிச்சம். ஷபானா திறந்து பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று நானும் தயாராக இருந்தேன். அவளோ செருப்பு விடுமிடத்திலேயே உட்கார்ந்து அதைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஏன், மதியம் சாப்பிடலையா?"

"சாப்பிட்டேனே. பெல் அடிச்சா சாப்பிடறோம், பெல் அடிச்சா எழுந்துர்றோம். பசிச்சிதா, ரொம்பிச்சான்னு நமக்கு எங்கக்கா தெரியுது? இதுக்காவது தெரியுது." மகளின் தலையைத் தடவினாள்.

கிரெச் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது, இவை பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தாயும் முதலில் டப்பாவைத்தான் பார்க்கிறாள்.

இப்போது ரிடையராகி வீட்டில்தான் இருக்கிறேன். கம்பெனியின் மதிய பெல் இங்கேவரை கேட்கும். கேட்டதும் தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்துவிடுகிறேன். பசிக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.