எண்ணெயை நிறுத்திய மார்கழி

அன்று அம்மா என்னை ஏன் அடிக்கவில்லை? இத்தனை வருஷமாக யோசித்தும் எனக்குப் பதில் தெரியாத கேள்வி இது. பால் டம்ளரைக் கவிழ்த்தாலே முதுகில் ஒன்று வைக்கிறவள் அம்மா. அன்று நான் செய்தது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் விட்டிருக்கலாம். எதுவானாலும் எனக்கு நிம்மதி இல்லை. கேட்டுக்கொள்ளலாம் என்றால் அம்மா இப்போது இல்லை.

எழுபத்து மூன்றாம் வருஷத்தின் கடைசி. நான் நாலாம் வகுப்பு. மேற்கு மாம்பலத்தில் நாலு குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் முன் போர்ஷன் எங்களுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அப்பா தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா பி.ஏ. முடித்துவிட்டு எங்களோடு தங்கி வேலை தேடினார். வேலை கிடைக்காத நேரத்தில் செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். வேலை கிடைக்காத நேரம் நிறைய இருந்தது.

வீட்டின் பின்னால் கிணற்றை ஒட்டி ஒரு தாழ்வாரம். எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. துவைக்கிற கல் அங்கேதான், மழை நாளில் துணி காய்வதும் அங்கேதான், நான் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவதும் அங்கேதான். ஐப்பசியில் ஒரு நாள், பின் போர்ஷன்காரர் அதில் பாதியை மூங்கில் தட்டி கட்டி மறைத்துவிட்டார். அவர் லாரி ஓட்டுகிறவர். அப்பா போய் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இன்னா பெர்சு, நானும்தான் வாடக குட்க்கறேன். ஒரே ரூம்பு. பொண்டாட்டி முழுவாம கீறா. நடுத்தெருவுலயா நின்னு குளிப்பா?" என்று சொல்லிவிட்டு, மறுநாளே பம்பாய்க்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் எங்கள் ஈரத் துணியெல்லாம் அறைக்குள் கொடி கட்டிக் காய்ந்தது. காய்ந்தது என்று சொல்ல முடியாது. சாப்பிடும்போது அப்பாவின் வேட்டி நுனி என் தலையில் சொட்டும். "கேட்டா மாட்டோம்னா சொல்லப்போறோம்? ஒரு வார்த்த கேட்டாவளா?" என்று அம்மா ஒவ்வொரு துணியை உதறும்போதும் சொன்னாள். என் பாண்டிக் கட்டத்தில் பாதி தட்டிக்கு அந்தப்பக்கம் போயிருந்தது. அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. எங்கள் வீட்டில் காப்பி ஒரு வேளையாகக் குறைந்தது. ஆறு வருஷம் முன்னால் சண்டையில் பிடித்த நிலத்தை இஸ்ரேல் விடவில்லையென்றும், அதற்குத் துணைபோகிற நாடுகளுக்கு இனி எண்ணெய் இல்லை என்று அரபு நாடுகள் சொல்லிவிட்டன என்றும், நமக்குத் தடை கிடையாது, ஆனால் விலை ஏறினால் எல்லாருக்கும்தான் ஏறும் என்றும் சித்தப்பா சாப்பாட்டு நேரத்தில் விளக்கினார்.

"அவன் எடத்துக்கு அவன் சண்ட போடுதான். எனக்கு ஏம்லே காப்பி இல்ல?" என்றார் அப்பா.

"பின்ன என்னண்ணே செய்வான்? தீர்மானம் போட்டுப் பாத்தாச்சு. தூது விட்டுப் பாத்தாச்சு. எண்ணெய நிறுத்துனாத்தான் உறைக்கும்."

"பிடிச்சவனுக்குல்லா தம்பி உறைக்கணும்? நம்ம அடுப்புக்கு எதுக்கு உறைக்கணும்?" என்றாள் அம்மா.

"நியாயம்னா நாலு பேருக்குக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும் மைனி" என்று சொல்லி, சித்தப்பா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

பெரியவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. கேட்காமல் பிடித்த இடம், கேட்டும் விடாதவர்கள், எண்ணெய். மூன்றும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. ஏனென்றால் பின் போர்ஷனுக்கு எண்ணெய் வாங்கி வருவது நான்தான்.

எனக்குக் காலை ஷிப்ட் பள்ளிக்கூடம். பி.ஏ. படித்த சித்தப்பா டின் தூக்கமாட்டார் என்பதால், பகலில் வரிசையில் நிற்க என்னை விட்டால் ஆள் இல்லை. பின் போர்ஷன் அக்காவுக்குக் கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்திருந்தது. டீசல் கிடைக்காமல் புருஷனின் லாரி எங்கோ வழியில் நின்றுவிட்டது. துணைக்கு வந்த அக்காவின் அம்மா பத்தாம் நாளே சூளைமேட்டுக்குத் திரும்பிவிட்டார். அதனால் எண்ணெய் போடும் நாளில் அக்கா தன் கார்டையும் டின்னையும் என்னிடம்தான் தருவார். பதினைந்து நாளைக்கு ஒரு தவணை.

மார்கழியின் முதல் தவணையில் நான் என் தடையை அமல்படுத்தினேன். இரண்டு மணி நேரம் நின்றபின் எங்கள் கார்டை மட்டும் நீட்டினேன்.

"இன்னா பாப்பா, ரெண்டு டின்னு இட்டாந்துகீறே, ஒரு கார்டுதான் நீட்றே?" என்றார் கடைக்காரர்.

"அவங்களுக்கு வேண்டாமாம்."

"எண்ணெ வேணாம்னு சொல்ற மவராசி யாரும்மா அது? எனுக்குக் காட்டு, கும்புட்டுக்கறேன்" என்றார். வரிசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நியாயம் என் பக்கம் என்பதால் அசையாமல் நின்றேன்.

அக்காவிடம் போய், எங்களுக்கு ஊற்றியதோடு தீர்ந்துவிட்டது என்றேன். குழந்தை மடியில் இருந்தது. "போனா போவுது கண்ணு. நீ இன்னா பண்ணுவே? கால் கடுக்க நின்னியே" என்று சொல்லி, தான் சாப்பிட வைத்திருந்த பிரசவ லேகியத்தில் ஒரு உருண்டை எடுத்து என் கையில் வைத்தார். தின்றேன். காரமும் இனிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. தடையைத் தளர்த்தலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தட்டியைப் பார்த்ததும் மனசு கெட்டியாகிவிட்டது.

ஒரு வாரம் கழிந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் தட்டி என் தலை உயரத்துக்கு இறங்கியிருந்தது. நாலு நாளில் என் தோள் உயரம். இரண்டாம் தவணைக்கும் நான் எங்கள் கார்டை மட்டும் நீட்டினேன். மறு வாரம் தட்டி என் இடுப்புக்கு வந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே வாரம் சித்தப்பாவும் உற்சாகமாக இருந்தார். சூயஸ் கால்வாய்ப் பக்கம் படைகள் பின்வாங்க ஒப்புக்கொண்டதாகப் பத்திரிகையில் வந்திருந்தது.

"பாத்தீங்களா மைனி? கொஞ்சங் கொஞ்சமாத்தான் வெளியேறுவான். கடைசியில எடம் காலி!"

"நம்ம எடமும் காலியாகும் சித்தப்பா" என்றேன் நான். அவருக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. இது போன்ற காரியங்களில் ரகசியம் முக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து சில நாளில் தட்டி முழுதாகப் போய்விட்டது. ஒரு குச்சிகூட மிச்சமில்லை. அம்மா வாளி நிறையத் துணியோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். நான் சுண்ணாம்புக் கட்டியோடு வந்தேன். அக்கா துவைக்கிற கல்லின் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கணுக்காலில் கிடத்தியிருந்தார். வெயிலில் வைத்திருந்த அலுமினியக் குண்டானிலிருந்து தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி ஊற்றிக்கொண்டிருந்தார். குழந்தை இருமியது.

"என்னம்மா, தட்டி எங்க?" என்றாள் அம்மா.

"எரிச்சிட்டேங்கா. எம் புருசன் வந்தா நான் சொல்லிக்கறேன். எண்ணெ கிடைக்கல, வெறவுக்கும் கையில ஒண்ணும் இல்ல. பாப்பாவுக்குத் தெனம் ஒரு சொம்பு வெந்நி வெக்கணுமே. நேத்தோட தட்டியும் தீந்துபூட்ச்சு. இன்னிக்கு வெயிலு பொறப்படட்டும்னு குந்திகினு இருந்தேன்."

நான் எல்லாவற்றையும் கேட்டேன். எரித்தது என்பதும் கேட்டது, வெந்நீர் என்பதும் கேட்டது. ஆனால் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. எப்படியோ இடம் திரும்பிவிட்டது. கட்டம் போட ஆரம்பித்தேன்.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். அதிலிருந்து தன் பச்சை நூல் புடவையை எடுத்துப் பிழிந்தாள். தட்டி இருந்த இடத்திலேயே, அதே ஆணியிலிருந்து அதே தூணுக்குக் கட்டினாள். இரண்டு பக்கமும் இழுத்து முடிச்சுப் போட்டாள். என் கட்டத்தில் பாதி மறுபடியும் அந்தப்பக்கம் போனது.

"அம்மா, அது நம்ம எடம்!" என்று கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அடுப்பில் எங்கள் குளியலுக்காக வைத்திருந்த வெந்நீரை அப்படியே தூக்கி வந்து அக்காவின் பக்கத்தில் வைத்தாள். பிறகு எங்கள் எண்ணெய் டின்னை எடுத்தாள். அதில் பாதிக்கு மேல் இருந்தது. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, ரெண்டு தவணையும் கடைக்காரன் அவளுக்கு இல்லன்னுட்டானா?"

"ஆமா" என்றேன்.

கையை ஓங்குவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா புனலை வைத்து அக்காவின் டின்னில் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த தவணையிலிருந்து எண்ணெய்க்கு அம்மாவே போனாள், இரண்டு டின்னோடு. வெயிலில் நிற்க வேண்டாம் என்று எனக்குச் சந்தோஷம்தான். ஜெயித்த இடத்தை அம்மா ஏன் தன் புடவையைக் கட்டித் திருப்பிக் கொடுத்தாள் என்பதில் மட்டும் வெகுநாள் கோபம் இருந்தது. சித்தப்பாவிடம் முறையிட்டேன். அவர் பத்திரிகையை இறக்கவில்லை. "ஒங்கம்மாவுக்கு அரசியல் தெரியாது" என்றார்.

தூரத்தில் அந்த நிலத்தில் கொஞ்சம் பிற்பாடு திரும்பியது. மிச்சம் இன்னும் திரும்பவில்லை. வீடு இழந்து வேறு நாட்டில் கிடக்கிறவர்களைப் பற்றிப் படிக்கும்போது, சித்தப்பா சொன்னது தப்பு என்று எனக்குச் சொல்லத் தோன்றுவதில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் வேறு எதைத்தான் நிறுத்துவார்கள்? அதே நேரத்தில் குண்டானில் இருந்த அந்தத் தண்ணீரும் நினைவுக்கு வருகிறது. இரண்டையும் சேர்த்துவைத்து யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இப்போது மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று முழங்கையை மூன்று முறை விட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் ஆறினால் மறுபடி சுட வைக்கிறேன். போதும் என்று என் கணவர் சொன்னாலும் கை நிற்பதில்லை.

அந்த அக்காவின் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கெட்டிக்காரி. பனிக்காலத்தில் மட்டும் இளைப்பு வந்துவிடும். யாரோ ஒருத்தியின் கதைபோலச் சொல்லி என் டாக்டரிடம் கேட்டேன். பிறந்த புதிதில் ஒரு நாள் வெயிலில் வைத்த தண்ணீரில் குளித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க நியாயமில்லை என்றார். இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். மூன்றாவது டாக்டரிடம் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள். "உங்க அம்மா இருந்திருந்தால் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட வந்திருப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் வந்து ஒரு மாதம் இருந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறேன்" என்று இருந்தது. தை பிறந்ததும் வருகிறார்.

இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், சொன்னால் என் மனசு லேசாகும், அவருக்கு என்ன கிடைக்கும் என்று தோன்றுகிறது. சின்னப் பெண் செய்தது என்று அவர் சிரித்துவிடலாம். மகளின் இளைப்பை நினைத்துச் சிரிக்காமலும் போகலாம். இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் இருப்பீர்கள். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? அவர் வந்து என் குழந்தையைக் காலில் கிடத்திக்கொள்ளும் முன் நான் என்ன செய்யட்டும், தயவுசெய்து எழுதுங்கள்.